மூன்றாம் கணினியில் ஓர் அரை வசனம்

போன வாரம் ஒரு படிவம் அச்செடுக்க நூலகத்துக்குப் போயிருந்தேன். அங்கே கணினியின் ஓரத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள்: "இங்கே சேமிப்பது எதுவும் நாளை இருக்காது." வந்த வேலையை மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அப்படியொரு காகிதத்தை ஒரு காலத்தில் நானும் ஒட்டியிருக்கிறேன். ஒட்டின லட்சணத்தைப் பிறகு சொல்கிறேன்.

என் முதல் வேலை திருகோணமலைத் துறைமுகப் பக்கம், ஒரு வாசிகசாலையின் மேல்மாடியில். ஆறு கணினிகள், ஓர் அச்சு இயந்திரம், பொறுப்பாளர் என்ற பெயரில் நான். ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்றோடு டீசல் மணம் வரும். மூடினால் சூடேறிய தூசியின் மணம். அந்தத் தூசி மணம் இன்றைக்கும் எங்கேயாவது மூக்கில் பட்டால் அந்த அறை முழுவதும் வந்துவிடும், அங்கே நான் பட்ட பாடும் கூடவே வரும்.

யாரும் வந்து கணினி முன் கதிரையில் இருக்கலாம் என்பது அந்த இடத்தின் பெருமை. எனக்கு அதுதான் தலையிடி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் திரையைத் தலைகீழாகப் புரட்டிவிட்டுப் போவார்கள். துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர், பிறவிச் சுத்தக்காரர், திரையில் கிடக்கும் சின்னச் சின்னப் படங்களையெல்லாம் குப்பை என்று நினைத்து ஒவ்வொன்றாக அழித்துவிட்டு, "துப்புரவாக்கி விட்டிருக்கிறன் பிள்ளை" என்று நல்ல மனதோடு சொல்லிவிட்டுப் போவார். ஒருமுறை யாரோ திரையைப் படம்பிடித்து, அந்தப் படத்தையே பின்னணியாகப் போட்டு, உண்மையானவற்றை ஒளித்துவிட்டார்கள். வெறும் படத்தின் மேல் அரை மணித்தியாலம் கிளிக் பண்ணிக்கொண்டிருந்த அறிவாளி நான்தான்.

கடைசியில் கணினி திருத்த வருகிறவர் ஒரு சீடியைத் தந்தார். இதைப் போட்டால் கணினி இப்போது இருக்கிற நிலையிலேயே உறைந்துவிடும், யார் என்ன செய்தாலும் அணைத்து மறுபடி போட்டால் பழையபடி வந்து நிற்கும் என்றார். நான் நம்பவில்லை. முதலாம் கணினியில் போட்டுவிட்டு, என் கையாலேயே கண்ணில் பட்டதையெல்லாம் அழித்தேன். அந்த ஐயாவே வெட்கப்படும் அளவுக்குத் துப்புரவாக்கினேன். பிறகு அணைத்துப் போட்டேன். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. மனிதர் செய்கிற அழிமதியையெல்லாம் ஒரு பொருள் இப்படி மனதில் வைக்காமல் விடுமா என்று அன்றைக்கு முழுதும் அதே நினைப்பாக இருந்தது. ஆறு கணினிகளையும் வரிசையாகத் திறந்து ஒழுங்குபடுத்தி, உறைய வைத்தேன். மூன்றாம் கணினியின் திரையில் "தம்பிக்கு" என்று ஒரு கோப்பு கிடந்தது. ஆருடையதோ கடிதம், அழிப்பது பாவம் என்று அப்படியே விட்டேன்.

ஆருடையது என்று யோசித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். அது மரியம் ராத்தாவுடையது. கிண்ணியாப் பக்கம் அக்காவை ராத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே குறிஞ்சாக்கேணியில் இருந்து சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்க வியாழன்தோறும் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர். வந்தால் அரை மணித்தியாலம் எங்களிடம் வந்து, இரண்டு விரலால் தட்டித் தட்டிக் கடிதம் எழுதுவார். கொழும்பில் இருக்கிற தம்பி அவருடைய கையெழுத்தைக் கண்டாலே உடைக்காமல் திருப்பி அனுப்பிவிடுவாராம். அச்சடித்த கடிதமென்றால் ஏதோ கந்தோர்க் கடிதம், அரசாங்கக் காகிதம் என்று நினைத்தாவது உடைத்துப் பார்க்கமாட்டானா என்பதுதான் ராத்தாவின் கணக்கு.

தாயார் மௌத்தான அன்று தம்பி கொழும்பில் இருந்து புறப்பட்டு வந்திருக்கிறார். அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை, மிதவைப் படகுதான். அதைத்தான் நாங்கள் பாதை என்போம். பாதையைத் தவறவிட்டு, அடுத்த பாதையில் அவர் கரையேறும்போது அடக்கம் முடிந்துவிட்டது. உயிரோடு இருக்கும்போது எட்டிப் பார்க்காதவனுக்கு இப்போது என்ன வேலை என்று ராத்தா வாசலில் வைத்து, ஊர் பார்க்க ஏசிவிட்டார். வந்த காலோடு திரும்பியவர்தான்.

கணினிகளை உறைய வைத்த பிறகு, சேமிப்பது எதுவும் நாளை இருக்காது என்று பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினேன். கதவின் வெளிப்பக்கத்தில். அந்தக் கதவு காலையில் வெளிப்பக்கமாகத் திறந்தால் பின்னேரம் வரை சுவரோடு சாய்ந்துதான் நிற்கும். அந்த அறிவித்தலை வாசித்தது சுவர் ஒன்றுதான்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு வியாழன் ராத்தா அச்செடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்துவிட்டு, இதைச் சேமித்து வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் தங்கச்சி. நாளைக்கு இரிக்காதுதானே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். நான் கணினியை உறைய வைத்த அன்று அந்தக் கோப்பில் நாலு வரிதான் இருந்திருக்கிறது. கடைசி வரி, "உம்மா மௌத்தான அண்டு நான் உன்னை" என்று பாதியில் நிற்கிறது. வாரா வாரம் ராத்தா வந்து மிச்சத்தை எழுதுவார். அடுத்த வாரம் வந்தால் அதே பாதி.

"முதல்ல, உன்னை ஏசினது நீ பிந்தி வந்ததாலதான் எண்டு எழுதினன். மற்ற வியாழன் வந்து பார்த்தா அது இல்ல. பிறகு, சனம் ஏத்திவிட்டதால ஏசிட்டன் எண்டு எழுதினன். அதுவும் இல்ல. பொய் எழுதுறன் எண்டுதான் அல்லாஹ் அழிக்கிறான், இது உண்மை வரும் வரைக்கும் நிக்காது எண்டு எனக்கு விளங்கிச்சு."

அவர் கையில் இருந்த தாளை வாங்கிப் பார்த்தேன். "உம்மா மௌத்தான அண்டு நான் உன்னை ஏசினது பிழை. மன்னிச்சுக்கொள்." அதற்குக் கீழே பெயர் மட்டும் இருந்தது.

அழுகை வந்துவிட்டது எனக்கு. இது நான் செய்த வேலை ராத்தா, உங்களிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். அவர் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"நீ செஞ்சா என்ன, செய்ய வெச்சவன் அவன்தானே" என்றார்.

அதற்குப் பிறகு ராத்தா வியாழக்கிழமைகளில் வரவில்லை. கடிதம் உடைபட்டதா இல்லையா என்று தெரியாமல் நான்தான் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நோன்புப் பெருநாள் முடிந்து நாலைந்து நாளில், ஐம்பது வயதுபோல ஒருவர் படியேறி வந்தார். கொழும்பில் இருந்து பெருநாளுக்கு வந்தவர், இப்போது குறிஞ்சாக்கேணியில் இருந்து வருவதாகச் சொல்லி, ராத்தா கடிதம் எழுதின மிசின் எது என்று கேட்டார். மூன்றாம் கணினியைப் போட்டு, அந்தக் கோப்பைத் திறந்துவிட்டேன். அதே பாதி வரி. அவர் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல ஏதோ தட்டத் தொடங்கினார். நான் ஜன்னல் பக்கம் போய்க் கப்பல்களைப் பார்த்தேன். எழுதி முடித்து, அவரே கணினியை அணைத்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். அடுத்த நாள் காலையில் போட்டுப் பார்த்தேன். பாதி வரிதான் இருந்தது. அவர் என்ன எழுதினார் என்று இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

இப்போது அந்த மேல்மாடியில் தொலைபேசி உறை விற்கிறார்கள். கணினிகளைப் பழைய இரும்புக்கு ஏற்றிவிட்டார்கள், மூன்றாவதையும் சேர்த்துத்தான். ராத்தாவும் மௌத்தாகிவிட்டார். கையிலிருக்கிற தொலைபேசி எதையும் மறப்பதில்லை. போன மாதம் என் தங்கச்சிக்குக் கோபத்தில் ஒரு வரி அனுப்பினேன். ஒவ்வொரு காலையிலும் எடுத்துப் பார்க்கிறேன். அவள் வாசித்துவிட்டாள் என்று காட்டும் இரண்டு நீலச் சரிக்குறிகளோடு அது அப்படியே இருக்கிறது.