ஒட்டுப்போட்ட பையும் ஒற்றைக் கார்டும்

ஓசூரில் நான் வேலை பார்த்த கம்பெனியில் பைக்குகளுக்கு ஒயர்க்கட்டு தயாரித்தோம். ஓடுகிற பெல்ட்டின் இரு பக்கமும் பெண்கள் உட்கார்ந்திருப்போம். பெல்ட் நிற்காது, நாங்களும் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தே ஆக வேண்டும் என்றால், சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும் பச்சைக் கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பாத்ரூம் போகலாம். நம் இடத்தில் மாற்றாள் ஒருத்தி வந்து உட்காருவாள். லைனுக்கு ஒரே கார்டு. ஒருத்தி கழுத்தில் அது கிடக்கும்வரை மற்றவர்களுக்கு மூத்திரம் வராது என்பது நிர்வாகத்தின் நம்பிக்கை.

எனக்கு வந்தது. அரை மணிக்கு ஒருமுறை வந்தது. சிறுநீர்ப்பையில் காசநோய் கண்டு, மாதக்கணக்கில் மாத்திரை தின்று, நோய் போய்விட்டது. போகிற போக்கில் பையைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. குழந்தைக்கு மருந்து புகட்டும் பாலாடை அளவுக்குத்தான் உள்ளே இடம் இருக்கிறது என்றார்கள். என் கல்யாணத் தாலியைவிட அந்தப் பச்சைக் கார்டுதான் எல்லோர் கண்ணிலும் பட்டது. சூப்பர்வைசர் தர்மபுரிக்காரர், தமாஷ் பேர்வழி. "ஏம்மா, பேசாம உன் ஸ்டூல பாத்ரூம்லயே போட்டுடட்டுமா?" என்று லைனே கேட்கும்படி கேட்பார். நான் சிரிக்க வேண்டும். இன்னும் பர்மனெண்ட் ஆகாதவர்கள் சூப்பர்வைசரின் தமாஷுக்குச் சிரிப்பது எழுதப்படாத விதி.

ஒருநாள் கார்டு வேறொருத்தி கழுத்தில் இருந்தது. அவள் திரும்பி வருவதற்குள் என் ஸ்டூல் நனைந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாத அவமானமாக இருந்தது. "இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா நீயே எழுதிக் குடுத்துட்டுப் போயிடும்மா" என்றார் சூப்பர்வைசர். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள் நான். இந்த வேலை போனால் ஊருக்குத் திரும்பித் தீப்பெட்டி ஒட்ட வேண்டியதுதான். அந்த வாரமே நானும் என் கணவரும் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே டாக்டர் கன்னடம் கலந்த தமிழில் பொறுமையாக விளக்கினார். "நோடி அம்மா, ரெண்டு வழி இருக்கு. உங்க குடல்லயே ஒரு துண்டு வெட்டி, பிரிச்சு, மூத்திரப் பை மேல ஒட்டுப் போடறது ஒண்ணு. பன்னிக் குடல்லேர்ந்து எடுத்து, சுத்தம் பண்ணின மெல்லிசு தகடு வெச்சுத் தைக்கிறது இன்னொண்ணு. அவரைக்குப் பந்தல் போடற மாதிரி. அது மேல உங்க சதை படரும், பந்தல் தானா கரைஞ்சு போயிடும்." இரண்டாவது புதுசு, சிலருக்குப் பை மறுபடி சுருங்கியிருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருந்த வீட்டில் மாநாடு கூடியது. நாகரசம்பட்டியிலிருந்து மாமியார் வந்து இறங்கினார். "பன்னியா? ஊட்ல சாமி படம் இருக்குதும்மா!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆட்டுக்குடலை அலசிக் கழுவிக் குழம்பு வைத்து, சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவர் அவர். கணவரின் அண்ணன், "ஆட்டுக்குடல் வெச்சா ஆவாதா? நம்மளுக்குப் பழக்கமானது" என்றார். என் கணவர் வண்டி உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்ப்பவர். "வெளி பார்ட் போட்டா கியாரண்டி போயிடும். ஒரிஜினல் பார்ட்டுதான் நல்லது" என்று தீர்ப்புச் சொன்னார். என்னை யாரும் கேட்கவில்லை. பன்றியையும் யாரும் கேட்கவில்லை.

என் குடலையே வைக்கச் சொல்லிவிட்டேன். சாமிக்குப் பயந்து அல்ல. அது பல காலமாகச் செய்துவருகிற முறை, மறுபடி சுருங்கினால் எனக்கு வேலை இருக்காது, அவ்வளவுதான். ஆனால் மருமகள் குடும்ப ஆச்சாரத்தைக் காப்பாற்றிவிட்டாள் என்று மாமியார் நாகரசம்பட்டி முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

ஆபரேஷன் முடிந்தது. இடம் மாறிய சேதி குடலுக்குத் தெரியவில்லை. போன இடத்திலும் தன் வழக்கப்படி சளி விட்டுக்கொண்டிருந்தது. உப்புத் தண்ணீர் விட்டு அலச வேண்டியிருந்தது. ஒட்டுப்போட்ட பை தானாகச் சுருங்கி வெளியேற்றாது. முட்டுகிற உணர்வும் போய்விட்டது. மணி பார்த்து, மெல்லிய குழாயை நானே மூத்திரத் துவாரத்தில் விட்டு வடிக்க வேண்டும். மறந்தால் பை கிழிந்துவிடும் என்று நர்ஸ் பயமுறுத்தி அனுப்பினார்.

மணி பார்ப்பது என்றால் கம்பெனிக்குக் கொள்ளைப் பிரியம். வயிற்றில் ஆபரேஷன் என்று மட்டும் சொல்லி லீவு போட்டிருந்த நான், திரும்பி வந்ததும் டீ இடைவேளையில் ஒருமுறை, சாப்பாட்டு இடைவேளையில் ஒருமுறை போனேன். பச்சைக் கார்டு பக்கமே திரும்பவில்லை. சூப்பர்வைசர் பூரித்துப்போனார். எங்கள் லைனில் ஒரு பலகை உண்டு. பிசகில்லாமல் கட்டிய ஒயர்க்கட்டு ஒன்றை அதில் சாம்பிளாகத் தொங்கவிட்டிருப்பார்கள். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் கட்ட வேண்டும். என்னையும் அவர் அப்படித் தொங்கவிட்டார். காலை மீட்டிங்கில் தினமும், "இந்தம்மாவப் பாருங்க. டீ டைமு, சாப்பாட்டு டைமு, அவ்ளோதான். மனசு வெச்சா முடியுது இல்ல?" என்பார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்த மாதம் பர்மனெண்ட் ஆர்டர் வரவேண்டியிருந்தது.

தொரப்பள்ளியிலிருந்து வரும் ஒரு பெண் அப்போது நிறைமாதமாக இருந்தாள். ஒருநாள் டீக்கு முன்பே இரண்டாம் தடவை கார்டு கேட்டாள். "அவங்களால முடியுது, உன்னால முடியாதாம்மா?" என்று சூப்பர்வைசர் என்னைக் கைகாட்டினார். அவள் தொடைகளை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

கார்டு இல்லாமலே எழுந்தேன். கைப்பையிலிருந்து புதுக் குழாய் ஒன்றை எடுத்து, உறையைக் கிழித்து, பலகையில் சாம்பிளுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன்.

"இதுதான் சார் சாம்பிள். மனசும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. வயித்தக் கிழிச்சு, குடல வெட்டி ஒட்டுப் போட்டுருக்கு. இந்தக் குழாய உள்ள விட்டுத்தான் நான் டயத்துக்குப் போறேன். எல்லாரும் என்னய மாதிரி இருக்கணும்னா கம்பெனியே எல்லாருக்கும் செஞ்சு விடட்டும். பன்னிக் குடல்கூடக் கிடைக்குதாம்."

கட்டாத ஒயர்கள் பெல்ட்டில் வந்து குவிந்துகொண்டிருந்தன. யாரோ பெல்ட்டை நிறுத்தினார்கள். சூப்பர்வைசர் கூரையைப் பார்த்தபடியே ஆணியிலிருந்து கார்டைக் கழற்றி அந்தப் பெண்ணிடம் நீட்டினார். அவள் ஓட முடியாமல் ஓடினாள். குழாயைத் தொட்டு எடுக்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. ஷிஃப்ட் முடியும்வரை அது அங்கேயே தொங்கியது.

அந்த மாதம் எனக்குப் பர்மனெண்ட் ஆர்டர் வரவில்லை. ஆணியில் இரண்டாவது கார்டு வந்தது. அந்த லைனில் அது தேவைப்படாதவள் நான் ஒருத்திதான்.