முத்தட்டும் என்று சொன்ன வாய்

கண் ஆபரேஷன் முகாமுக்கு ஆள் சேர்க்கிறவனுக்குக் கால் தேய்வதற்கு முன்னால் நாக்கு தேய்ந்துவிடும். தொண்ணூறுகளில் திருவண்ணாமலையில் ஒரு தரும ஆஸ்பத்திரிக்காக அந்த வேலையைப் பார்த்தேன். சுற்றுவட்டார ஊர்ப் பள்ளிக்கூடங்களில் முகாம் போட வேண்டும். கண்ணில் புரை விழுந்த பெரியவர்களைக் கண்டுபிடித்து வேனில் ஏற்ற வேண்டும். ஆபரேஷன் முடிந்ததும் பத்திரமாக வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். எல்லாம் இலவசம், சாப்பாடும் நாங்களே போடுவோம். அப்படியும் வர மாட்டார்கள்.

உங்கள் அப்பாவையோ மாமியாரையோ ஒரு பல் பிடுங்கவாவது அழைத்துப் போயிருந்தால் நீங்களும் என் கட்சிதான். உட்காருங்கள், சேர்ந்து புலம்பலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் பாதி, அடி அண்ணாமலை என்கிற ஊர்ப் பச்சையம்மாவின் கதை. அந்த அம்மாவுக்கு ஒரு கண் போனதில் எனக்குப் பங்கு உண்டு. மிச்சமிருந்த கண்ணையாவது காப்பாற்ற வேண்டும் என்று நாயாய் அலைந்தேன்.

இலவச ஆபரேஷன்

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமம். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, "இலவச ஆபரேஷன், போக வர வண்டி இலவசம், சாப்பாடு இலவசம்" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போனேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் தெரு காலி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரும்புக் கொல்லைக்குள் ஓடியவர்களில் கைத்தடி வைத்திருந்தவர்களும் உண்டு.

விஷயம் விளங்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அந்தப் பக்கத்தில் வெறுமனே ஆபரேஷன் என்றால் அது குடும்பக் கட்டுப்பாடுதான். வண்டி வைத்து, சாப்பாடு போட்டு அழைத்துப் போனதெல்லாம் அதற்குத்தான். மைக்கில் 'கண்' என்கிற ஒரு சொல்லை நான் விட்டுவிட்டேன். ஓடாமல் உட்கார்ந்திருந்தவர் ஒரே ஒருவர். எழுபதைத் தாண்டியவர், இரண்டு கண்ணிலும் புரை. ஆட்டோ சத்தம் வந்த திசையைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "எனக்கு எட்டுப் புள்ளைங்க. இப்ப வந்து கூப்பிடறியே, நாப்பது வருசத்துக்கு முன்னாடி எங்க போயிருந்தப்பா?"

முத்தட்டும்

பச்சையம்மா கிரிவலப் பாதையில் டீக்கடை வைத்திருந்தார். அறுபதுக்கு மேல் வயது, வீட்டில் தனி ஆள், ஒரே மகன் பெங்களூரில் கட்டட வேலை. முகாமுக்கு அவராகவே வந்தார். நான் கெஞ்சாமல் வந்த முதல் ஆள் அவர்தான். அப்படிப்பட்டவருக்கு நான் செய்த மரியாதையைக் கேளுங்கள்.

அன்று வரிசை பள்ளிக்கூட வாசலைத் தாண்டிப் போயிருந்தது. டாக்டரிடம் அனுப்பாமல் நானே டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது கண்ணில் புரை இருந்தது, ஆனால் வெள்ளை வெளேரென்று இல்லை. புரை நன்றாக முத்திய பிறகுதான் எடுக்க வேண்டும் என்று அதுவரை ஒரு வழக்கம். லென்ஸ் வைக்கிற புது முறை வந்து அந்த வழக்கம் மாறிக்கொண்டிருந்தது. டாக்டர் பார்த்திருந்தால் எடுத்திருப்பார். நானோ பெரிய டாக்டர் மாதிரி, "இன்னும் முத்தலம்மா, அடுத்த வருசம் வாங்க" என்று சொல்லிவிட்டேன். பச்சையம்மா நகரவில்லை. "கத்திரிக்கா முத்தினா மாட்டுக்குத்தான் போடறோம். கண்ணு மட்டும் எதுக்கு சார் முத்தணும்?"

பௌர்ணமி ஞாயிறு

அடுத்த வருஷ முகாமுக்குத் தேதி குறித்த மேதாவியும் நானே. நான் வேலூர்க்காரன். காலண்டரில் ஞாயிற்றுக்கிழமையின் சிவப்பு கண்ணில் பட்டது, பக்கத்திலிருந்த பௌர்ணமி வட்டம் படவில்லை. டாக்டர், நர்ஸ், நான், மூன்று பேரும் பள்ளிக்கூடத்தில் காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். வெளியே பெரியவர்கள் எல்லோரும் பந்தல் போடுகிறார்கள், மோர் கரைக்கிறார்கள், கற்பூரம் அடுக்குகிறார்கள். கிரிவலக் கூட்டம் வருகிற அந்த ஒரு நாளை நம்பித்தான் அவர்களுக்கு மாதமே ஓடும். பச்சையம்மாவின் கடைக்கு ஓடினேன். பாய்லர் முன்னால் வியர்த்து நின்றவர், "நாளைக்கு வரட்டா?" என்றார். நாளைக்கு டாக்டர் வேறு ஊரில் இருப்பார்.

மூன்று மாதம் கழித்து, கண் சிவந்து, மண்டையைப் பிளக்கும் வலியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். புரை அளவுக்கு மீறிப் பழுத்து, கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டது. டாக்டரால் வலியைத்தான் தீர்க்க முடிந்தது. இடது கண்ணில் பார்வை போனது போனதுதான். கட்டிலுக்குப் பக்கத்தில் போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர் காலடிச் சத்தத்திலேயே என்னைக் கண்டுபிடித்துவிட்டார். "கத்திரிக்கா மாட்டுக்குப் போயிடுச்சு சார்."

நெற்றிப் பட்டை

கொஞ்சம் சிரித்துவிட்டு மேலே போகலாம். எந்தக் கண்ணுக்கு ஆபரேஷன் என்று தெரிவதற்காக, அந்தக் கண்ணின் புருவத்துக்கு மேலே நெற்றியில் ஒரு துண்டுப் பிளாஸ்திரி ஒட்டுவோம். ஒரு பெரியவருக்கு வலது பக்கம் ஒட்டினேன். மறுநாள் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் பார்க்கிறேன், நெற்றி நிறைய மூன்று கோடு விபூதி, பிளாஸ்திரி இடது புருவத்தின் ஓரத்தில். குளித்தவர் அதைப் பிய்த்து, பட்டை போட்டு, மிச்சமிருந்த இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

டாக்டர் தானே ஒரு முறை பார்க்காமல் கத்தியைத் தொடுகிற ஆள் இல்லை என்பதால் பிழைத்தோம். கோபமாக ஏன் என்று கேட்டேன். அவருக்கு என்னைவிடக் கோபம். "அண்ணாமலையார் ஊர்ல நெத்திய அடைச்சு ஒட்டி வெச்சிட்டீங்க. பட்டைய முதுகுலயா போடறது?"

உறவுமுறை

பச்சையம்மாவின் வலது கண்ணிலும் புரை ஏற ஆரம்பித்தது. இந்த முறை நான் டார்ச்சைத் தொடவே இல்லை. டீ குடிக்கலாம் வாங்க என்று டாக்டரையே கடைக்கு அழைத்துப் போனேன். பார்த்தவர் தள்ளிப்போடக் கூடாது என்றார். பௌர்ணமி முடிந்த மறுநாள் பச்சையம்மா கடையைச் சாத்திவிட்டு வேனில் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் வேறு வில்லங்கம். வயதானவர்களுக்கு ஆபரேஷன் என்றால் சொந்தக்காரர் ஒருவர் கூட இருந்து கையெழுத்துப் போட வேண்டும். வருகிறேன் என்ற மகன் வரவில்லை. மேஸ்திரி லீவு தரவில்லை என்று போன் வந்தது. ஆள் இல்லாவிட்டால் அடுத்த முறை வாங்க என்று திருப்பி அனுப்பிவிடுவோம். அப்படிப் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் ரொம்பக் கம்மி. பச்சையம்மாவையும் அப்படி அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை. பேனாவை எடுத்துவிட்டேன்.

தலைமை நர்ஸ் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "உறவுமுறைன்னு ஒரு கட்டம் இருக்குதே சார், அதுல என்னன்னு எழுதறது?" மகன் என்றால் பொய். முகாம்காரன் என்றால் செல்லாது. பெஞ்சிலிருந்து பச்சையம்மாவின் குரல் வந்தது. "ஒரு கண்ண முத்த விட்டவருன்னு எழுதுங்கம்மா. இன்னொண்ணுக்கு அவருதான் பொறுப்பு."

நர்ஸ் 'தெரிந்தவர்' என்று எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை

கட்டு அவிழ்க்கும்போது உள்ளே போக எனக்குக் கால் வரவில்லை. நர்ஸ்தான் வந்து கூப்பிட்டார். கட்டிலில் உட்கார்ந்திருந்த பச்சையம்மா என்னைத் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்தார். அது நேராக என் மேல் விழுந்தது. அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனையோ நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்த மன்னிப்பை, போன கண்ணுக்கான மன்னிப்பை, திக்கித் திணறிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையிலிருந்த கண்ணாடி டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "அதெல்லாம் அப்புறம் பேசலாம் சார். இதையா நேத்தெல்லாம் டீன்னு சொல்லி எனக்குக் குடுத்தீங்க?"

கும்பிடு டாக்டருக்கு, திட்டு எனக்கு என்றுதான் இந்தத் தொழிலில் பங்கு பிரித்திருக்கிறார்கள், அந்தக் காலைக்குப் பிறகு என் பங்கில் எனக்கு ஒரு குறையும் இல்லை.