நடுப்பகல் தாண்டிய பாற்சோறு

பாற்சோறு என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் எனக்குக் காது சூடாகிவிடுகிறது. எச்சில் ஊற வேண்டிய பெயர் அது. பச்சரிசியைக் குழைய வேகவைத்து, கெட்டித் தேங்காய்ப்பாலும் உப்பும் விட்டுக் கிளறி, வாழையிலையில் கொட்டிப் பரப்பி, துண்டு துண்டாக வெட்டி வைப்பார்கள். தொட்டுக்கொள்ளச் சிவப்பாகத் தேங்காய்ச் சம்பல். இலங்கையில் நல்ல நாள் எதுவும் இது இல்லாமல் விடியாது. அதைத் தின்றுவிட்டு வந்து ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவன் நான். தலைகுனிய வேண்டியவனும் நானேதான்.

போன வருஷம் பெங்களூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனி எங்களை அந்தத் தீவுக்குச் சுற்றுலா கூட்டிப்போனது. ஓசிப் பயணம் என்றால் என் வயிறு இரண்டு மடங்காகும். காலையில் முட்டை ஆப்பம், ஓரம் மொறுமொறுப்பாக, நடுவில் மஞ்சள் கரு ஆடிக்கொண்டு. வெயில் ஏறினால் மிளகாய்த்தூளும் உப்பும் தூவிய அன்னாசிப் பழம். சாயங்காலம் கொழும்புக் கடற்கரையில் இறால் வடை. வடைக்குமேல் முழு இறால் தலையோடு குந்தியிருக்கும். கொத்து ரொட்டிக் கடையில் இரண்டு தகடுகளால் கல்லில் டகடகவென்று கொத்தும் சத்தம் கேட்டாலே என் கால் தானாகத் திரும்பிவிடும். மண்சட்டித் தயிர்மேல் கித்துள் பாணி ஊற்றித் தருவார்கள், நம் பனைவெல்லப் பாகுக்கு அண்ணன். எதையும் விடவில்லை.

கண்டியில் ஒரு நாள் காலை, பிக்குகளுக்கு அன்னதானம் கொடுப்பதைக் காட்டுகிறேன், வாருங்கள் என்று வழிகாட்டி கூப்பிட்டார். ஆபீஸ் ஆட்கள் எல்லாரும் கிளம்பினார்கள். "நாங்க பரம்பரையா பௌத்தருங்க. எனுக்குத் தெரியாததா? நீங்க போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டு நான் கோயில் வாசலில் ஆப்பக்கடைக்குப் போனேன். அன்றைக்கு ஆப்பம் ரொம்ப நன்றாக இருந்தது.

பௌத்தர் என்று நான் சொன்னது பொய்யில்லை. வட ஆற்காட்டுப் பக்கமிருந்து, பெங்களூருக்குக் கிழக்கே இருக்கும் தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்கு வந்து, இங்கே புத்தரை ஏற்றுக்கொண்டவர்களின் வம்சம் எங்களுடையது. மைசூர் மைன்ஸ் பக்கம், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீடுகளின் கோடியில், தகரக் கூரை போட்ட ஒரு கூடம்தான் எங்கள் விகாரை. பிக்கு யாரும் அங்கே தங்குவதில்லை. எப்போதாவது ஒருவர் வந்தாலும் வந்தனை முடிந்ததும் கிளம்பிவிடுவார். பௌர்ணமிக்கு நாங்களே வந்தனை சொல்வோம், நாங்களே சமைப்போம், சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். பிக்குவை உட்கார வைத்துச் சோறு போட்ட அனுபவம் எங்கள் லைனில் ஒருவருக்கும் கிடையாது.

ஊர் திரும்பியதும் எங்கள் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூர் போகும் காலை ரயிலில் என் பிரசங்கம் ஆரம்பமானது. பங்காருபேட்டை வருவதற்குள் இறால் வடை முடியும், அதற்கப்புறம் பாற்சோறு. கேட்டவர்கள் காது புளித்திருக்கும். ஆனாலும் கொஞ்ச நாளில் எங்கள் லைனில் எனக்கு "சிலோன்காரர்" என்று பேர் வந்துவிட்டது. அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

அந்தப் பேரின் தைரியத்தில்தான் பந்தேவைக் கூப்பிட்டேன். பிக்குகளை நாங்கள் பந்தே என்றுதான் அழைப்போம். இவர் இலங்கைக்காரர், பெங்களூரில் ஒரு விகாரையில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார். மலையகத்துத் தோட்டப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த காலத்தில் தமிழ் பழகியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவியும் அங்கே போயிருந்தபோது அவரிடமும் என் தீவுப் பிரதாபத்தை அவிழ்த்தேன்.

"பாற்சோறு சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். பிறகு, "நான் சாப்பிட்டு வருஷக்கணக்கா ஆகுது. வாற வாரம் வடக்கே போறேன், மேல்படிப்பு. பனிமலைப் பக்கம். அங்க தேங்காயே இல்லையாம்" என்று சிரித்தார்.

"போறதுக்கு முந்தின நாள் எங்க ஊருக்கு வாங்க பந்தே. நான் செஞ்சு போடுறேன். அசல் உங்க ஊரு ருசி, என் பொறுப்பு" என்றேன்.

அந்த நாள் வந்தது. பேத்தமங்களாத் தோப்பிலிருந்து தேங்காய் வந்தது. இலங்கையிலிருந்து சம்பலில் இடித்துப் போட நான் கட்டிக்கொண்டு வந்திருந்த மாசிக் கருவாட்டை வெளியே எடுத்தேன். சம்பலை மிக்ஸியில் போட விடமாட்டேன் என்று நான் அடம்பிடித்ததில் பெண்கள் விடியற்காலையே உரலில் இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பந்தே காலை ரயிலில் வந்து இறங்கினார். "நாஷ்டா ஆச்சா பந்தே?" என்று கேட்டேன். "இல்ல. தேத்தண்ணி மட்டும் குடிச்சேன். இங்க பாற்சோறு இருக்கே!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வந்தனை முடிந்து, அவர் பேசியும் முடித்தார். அதற்குள் பாற்சோறு இறங்கிவிட்டது. கூடம் முழுக்கத் தேங்காய்ப்பால் வாசம். என் மனைவி என்னிடம் வந்து, "எல்லாம் ஆயிட்ச்சிங்க. பந்தேவுக்கு மட்டும் மொதல்ல வெச்சிடலாமா?" என்று கேட்டாள். இன்னும் மதியம் ஆகவில்லை.

எங்கள் விகாரைக் காரியங்களைப் பார்க்கும் பெரியவர், சுரங்கத்தில் மரம் முட்டுக்கொடுக்கும் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், உடனே கையை ஆட்டினார். "மொத ஷிஃப்ட் மேல வராம இன்னாம்மா எல? எல்லாரும் ஒண்ணா ஒக்காரணும்."

இதை எங்கள் ஊர் ஆட்களுக்குச் சொல்லி விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குத்தான் சொல்ல வேண்டும். சுரங்கம் ஓடிய காலத்தில் கல்யாணமோ காரியமோ, காலை ஷிஃப்ட் போனவர்கள் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி மேலே வந்து, குளித்த பிறகுதான் இலை விழும். மதியம் இரண்டைத் தாண்டிவிடும். கீழே பாறை எப்போது வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. தம் ஆள் பூமிக்குள் இருக்கும்போது மேலே இருப்பவன் சோற்றில் கை வைப்பது கேவலம் என்று நினைத்தவர்கள் எங்கள் ஆட்கள். சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. கீழே இப்போது தண்ணீர்தான் இருக்கிறது. ஆனாலும் எங்கள் விருந்துகளில் அந்த நேரத்துக்கு முன்னால் இலை விழுவதில்லை. ஏன் என்று நாங்களும் கேட்டுக்கொண்டதில்லை.

மனைவி போகவில்லை. "பந்தேங்க எப்ப சாப்புடுவாங்கன்னு ஒங்களுக்குத் தெரியுமில்ல?" என்று என்னைப் பார்த்தாள். தீவுக்குப் போய்வந்தவன் நான் ஒருவன்தானே.

"சாவகாசமா ஊரோட ஒக்காந்து சாப்பிடட்டும். அவங்க ஊர்லயும் அப்டித்தான்" என்றேன். என்ன கொழுப்பு பாருங்கள்.

பந்தே ஒன்றிரண்டு தடவை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ரயிலை நினைத்துக் கவலைப்படுகிறார் என்று எண்ணி, "சாயங்கால ரயில்ல நானே ஏத்திவுடுறேன் பந்தே" என்று சமாதானம் சொன்னேன். அவர் தலையசைத்தார். பிக்கு வாய்விட்டுச் சோறு கேட்க மாட்டார் என்பதும் எனக்குத் தெரியாது.

வழக்கமான நேரத்துக்கு இலை போட்டோம். தட்டில் அடுக்கிய பாற்சோற்றை நானே தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். அவர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். கை கூப்பினார். ஆனால் தொடவில்லை.

"நடுப்பகல் தாண்டினா நாங்க சாப்பிடுறதில்ல. நீங்க எல்லாரும் சாப்பிடுங்க" என்றார். குரலில் வருத்தம்கூட இல்லை. அவர் கோபித்திருந்தால் பரவாயில்லை போலிருந்தது.

பெரியவர் வாயைப் பொத்திக்கொண்டார். மனைவி எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஊரெல்லாம் சுத்தித் துன்ட்டு வந்தீங்களே, அவங்க எப்ப துன்றாங்கன்னு ஒரு நாளாச்சும் பாத்தீங்களா?" என்றாள். பிறகு அவரிடம் ஓடி, "பொட்டலம் கட்டிக் குடுக்கட்டுமா பந்தே? காலையில சாப்புடுங்க" என்று கெஞ்சினாள். எடுத்து வைத்துச் சாப்பிடுவதும் அவர்கள் விதியில் இல்லையாம். விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், தேங்காய்ப்பால் விடியும்வரை தாங்காது. பச்சைத் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார். முந்தின நாள் மதியத்திலிருந்து அவர் வயிற்றில் ஒரு பருக்கை இல்லை. மறுநாள் விடியும்வரை இனி இறங்கவும் இறங்காது. விடிந்தால் வடக்கே ரயில்.

யாரும் இலையில் கை வைக்கவில்லை. அவரே வரிசையாகப் போய், சாப்பிடுங்கள் சாப்பிடுங்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தார். என்னைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். எனக்கு வேண்டாம், நானும் பட்டினி இருக்கிறேன் என்றேன்.

"நீங்க சாப்பிட்டாத்தான் எனக்குத் தெரியும், எப்பிடி வந்திருக்கெண்டு. சாப்பிட்டுச் சொல்லுங்க" என்றார்.

ஒரு துண்டை எடுத்துச் சம்பலில் தொட்டு வாயில் போட்டேன். கேவலமாக வந்திருக்கக் கூடாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் அது நன்றாக இருந்தது. தீவில் தின்றதைவிட நன்றாக இருந்தது. வெட்கத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"பால் கருகிட்ச்சி பந்தே. அடிப்புடிச்ச வாசம். நீங்க சாப்பிடாததே நல்லது" என்றேன்.

அவர் குனிந்து தட்டை முகர்ந்தார். கண்ணை மூடி, இன்னொரு தடவை முகர்ந்தார்.

"கருகல்ல. எங்க வீட்டு வாசம்தான்" என்றார். பிறகு, பிள்ளை கேட்பது போல ஆசையாக, "சம்பல் எப்பிடி?" என்று கேட்டார்.

வாயில் இருந்ததை நான் இன்னும் விழுங்கியிருக்கவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். மறுபடி பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நல்லா இருக்கு பந்தே" என்றேன்.