அந்தக் காயில் நான் சுற்றியதல்ல

செல்வராசு அண்ணன் இறந்துவிட்டார். நேற்று காலை கடையைத் திறந்து உட்கார்ந்ததும் நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள்.

அருப்புக்கோட்டையில், பந்தல்குடி ரோட்டில், கிணற்று மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக்கம்பிச் சுருள், கட்டும் கடை வைத்திருந்தவர். வயது ஐம்பதைத் தாண்டி ஒன்றிரண்டுதான் இருக்கும்.

இன்று ஞாயிறு. கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போய் அவரிடம் ஒரு கேள்வி கேட்பதாக இருந்தேன். ஒரே ஒரு கேள்வி.

என் பழைய பதிவுகளைப் படித்தவர்களுக்கு அந்த கிட்டாரைத் தெரியும். விருதுநகரில் ஒரு இசைக்குழு ஒதுக்கிப் போட்டிருந்த, பெயர்கூட அழிந்துபோன எலெக்ட்ரிக் கிட்டார். துரு, விரிசல், ஒரு குமிழ் இல்லை. வாங்கி வந்து ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

துருவைத் தேய்த்து எடுத்தேன். கழுத்தை நிமிர்த்தினேன். சத்தம் மட்டும் வரவில்லை. கம்பிகளுக்குக் கீழே பிக்கப் என்று ஒரு சின்னக் கட்டை இருக்கும். தலைமுடியைவிட மெல்லிய செம்புக்கம்பியை அதில் ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். அந்தக் காயில் அறுந்துபோயிருந்தது. காயில் என்றால் எனக்குத் தெரிந்த ஒரே இடம் அவர் கடைதான்.

முதல் நாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எத்தனை ஹெச்பிம்மா?" என்றார்.

மோட்டாரோடு காத்திருந்த எம்.ரெட்டியபட்டிக்காரர் ஒருவர் விடவில்லை. "போருக்குள்ள இறக்குனா தண்ணி எடுக்குமாண்ணே?"

"ஒம்ம போருல எதை இறக்குனாலும் தண்ணி வராதுய்யா. இதையாவது இறக்கும், பாட்டாச்சும் வரும்."

கடையே சிரித்தது. நானும்தான்.

மெல்லிய கம்பியை மதுரையிலிருந்து அவரே வரவழைத்தார். ஆனால் அவர் விரலுக்கு அது நிற்கவில்லை, அறுந்து அறுந்து போனது. "ஒங்க வீட்டுல தறி ஓடுதுல்லம்மா? நூல் பிடிச்ச கை. நீயே சுத்து."

தார் சுற்றும் ராட்டையின் கதிரில் அந்தக் கட்டையை ஒட்டி, மூன்று ஞாயிறு சுற்றினேன். சேலைக்குக் குறுக்கே ஓடும் ஊடைநூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிற அதே ராட்டை. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, இதில் எந்தச் சேலை நெய்யப் போகிறாய் என்று எங்கள் வீட்டுத் தெலுங்கில் கேட்டார்.

இடையில் மூன்று இடங்களில் அறுந்தது. எங்கள் வீட்டில் நூல் அறுந்தால் யாரும் பதறுவதில்லை. இரண்டு நுனிகளையும் சேர்த்து முறுக்கிவிட்டு ஓட்டுவோம். அதையேதான் செய்தேன். அவரிடம் சொல்லவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. மேலே எங்கள் தறியின் சிவப்பு நூலால் ஒரு கட்டு கட்டி, கிட்டாரோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு, அவர் எல்லாவற்றையும் பூட்டித் தயாராக வைத்திருந்தார். பழைய ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, ஒரு கம்பியைத் தட்டினேன்... கடையிலிருந்த பழைய மோட்டார் மூடிகள்கூட அதிர்ந்தன.

"ஒன் காயில்தாம்மா பாடுது," என்றார்.

அன்று இங்கே எழுதினேன். என் கையால் சுற்றியது என்று. நீங்கள் எல்லோரும் வாழ்த்தினீர்கள். எதையும் வெளியில் சொல்லாத நான், சொல்லிக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.

போன மாதம் இரைச்சல் கேட்கிறதே என்று மேல்தட்டைக் கழற்றினேன். உள்ளே சிவப்பு நூல் இல்லை. கறுப்பு டேப். அடியில் சீன எழுத்தில் ஒரு ஸ்டிக்கர். கம்பெனியில் செய்த ரெடிமேட் பிக்கப்.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் கம்பியின் மேல் வார்னிஷ் பூச்சு இருக்கும். அறுந்தால் நுனிகளைச் சுரண்டி ஈயம் வைக்கவேண்டும். வெறுமனே முறுக்கினால் கரண்ட் தாண்டாது. மீட்டரை வைத்ததுமே அவருக்குத் தெரிந்திருக்கும்.

"கரண்ட் போகலம்மா" என்று ஒரு வார்த்தை. அவிழ்த்து மறுபடி சுற்றியிருப்பேன். இன்னும் மூன்று ஞாயிறு, அவ்வளவுதானே?

ரெண்டு வருஷம். கடைக்குப் போனபோதெல்லாம் "நம்ம காயில் எப்படிப் பாடுது?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். நானும் பெருமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்றைய பதிவைப் படித்து, இன்பாக்ஸில் இருவர் சுற்றும் முறையைக் கேட்டார்கள். அறுந்தால் முறுக்கிவிட்டால் போதும் என்று எழுதினேன். அது தவறு. அந்த இருவரும் தயவுசெய்து மன்னிக்கவேண்டும்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கத்தான் போன வாரமே கடைக்குப் போனேன். கோடை, எரிந்த மோட்டார்களோடு ஒரே கூட்டம். "ஞாயித்துக்கிழமை வாம்மா, சாவகாசமாப் பேசுவோம்," என்றார். திரும்பிவிட்டேன்.

நேற்று மதியம் துக்க வீட்டில், அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதான அந்தப் பிள்ள? ராட்டையில சுத்துன கம்பிய இந்தப் பிள்ள பாட வச்சிருச்சுன்னு, வாரவுக போறவுககிட்ட எல்லாம் சொல்லுவாக. அவுக சொல்லாத ஆளு இல்ல." பக்கத்திலிருந்த பெண்களிடம் திரும்பினார். "எங்க வீட்டுக்காரவுக சொல்லுவாகல்ல, இந்தப் பிள்ளதான்." மறுபடி என்னிடம், "நீயேதான சுத்துன?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் அங்கேதான் படுத்திருந்தார், மூக்கில் பஞ்சோடு.

"ஆமாக்கா," என்றேன்.

துக்க வீட்டில் போய்ட்டு வாரேன் என்று சொல்லக் கூடாது. அப்படியே எழுந்து வந்தேன்.

போங்கண்ணே... எனக்கு இன்னும் கோபம் போகவில்லை.