ஐம்பது ஆட்டத்துக்கு ஒரு செகண்ட்

வார்னிஷ் வாசனை, உப்புத்தாள் தேய்க்கும் சத்தம்... மைசூரில் என் முதல் வேலையை நினைத்தால் இவைதான் முதலில் வரும்.

டென்னிஸ் ராக்கெட் செய்யும் சின்னக் கம்பெனி. ஹனூரிலிருந்து வந்து குவாலிட்டி செக்கிங்கில் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. எடை பார்ப்பேன், எந்த இடத்தில் தாங்கினால் சமமாக நிற்கிறது என்று பேலன்ஸ் பார்ப்பேன், சரியாக இருந்தால் என் எண் போட்ட ஸ்டிக்கரை ஒட்டுவேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, நந்தினி என்ற காலேஜ் பெண் மூன்று ராக்கெட்டோடு வந்தாள். யுனிவர்சிட்டி டீமில் ஆடுகிறவள். திங்கட்கிழமை மேட்ச்.

"நோடி, பாருங்க மேடம், மூணும் ஒரே மாடல். ஒரே இழுவைலதான் நரம்பு கட்டினேன். ஆனா இது மட்டும் வீசும்போது லேட்டா வருது."

மூன்றிலும் என் ஸ்டிக்கர்.

சூப்பர்வைசர் மஞ்சுநாத் சார் எடையும் பேலன்ஸும் மறுபடி பார்த்தார். மூன்றும் அச்சாக ஒன்றுபோல. "எல்லாம் சரியா இருக்கம்மா. மேட்ச் பயம் உனக்கு" என்று சிரித்தார்.

அவள் ராக்கெட்டுகளை உறையில் போட ஆரம்பித்தாள். அதைப் பார்த்துத்தான் எனக்கு வாய் வந்தது.

"சார், ஒரு மணி நேரம் குடுங்க."

பக்கத்து டேபிள் செல்வி, கொள்ளேகால்காரி, மெதுவாகக் கேட்டாள். "ஏனுங்க்கா, நாம எல்லாம் தராசுல வெச்சுத்தானே பாக்கறோம்? வீசிப் பாக்கறதே இல்லீங்களே?"

டிப்ளமோ லேபில் ஊசலை ஆட்டி நேரம் எடுத்தது சட்டென்று நினைவுக்கு வந்தது.

கைப்பிடி நுனியை ஒரு கம்பியில் மாட்டி, ராக்கெட்டைத் தலைகீழாகத் தொங்கவிட்டு ஆட்டினோம். செல்வி எண்ணினாள், நான் செல்போனில் நேரம் பிடித்தேன். முதல் இரண்டும் ஐம்பது ஆட்டத்துக்கு ஒரே நேரம்.

மூன்றாவது... ஒரு செகண்ட் கூடுதல்.

திரும்ப எண்ணினோம். அதே ஒரு செகண்ட். 

தலை நுனியில் கொஞ்சம் பசை அதிகம், கைப்பிடிக்குள்ளும் நுரை அதிகம், நடுவில் குறைவு என்று ஊகித்தோம்; எடை இரண்டு முனைக்கும் விலகினால் ஆட்டம் மெதுவாகும். ஒன்றுக்கொன்று ஈடாகி எடையிலும் பேலன்ஸிலும் தப்பித்துவிட்டது. வீசுகிற கைக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

ஸ்டோரில் அதே நரம்பு கட்டி வைத்திருந்தவற்றை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டோம். பதினேழாவது, நந்தினியின் முதல் இரண்டோடும் பொருந்தியது.

மஞ்சுநாத் சார் லேசில் நம்புகிறவர் இல்லை. நான்கையும் கலந்து, அடையாளத்தை எல்லாம் டேப் ஒட்டி மறைத்துக் கொடுத்தார். நந்தினி குடோன் சுவரில் பந்தை அடித்தாள். ஒன்றை இரண்டே அடியில் ஓரமாக வைத்தாள்.

டேப்பை உரித்தோம். அதே மூன்றாவதுதான்.

சார் என் பக்கம் திரும்பினார். "பாக்யா, திங்கட்கிழமைலேர்ந்து எல்லாத்தையும் தொங்கவிட்டுப் பாத்துட்டுத்தான் ஸ்டிக்கர். சாரிம்மா நந்தினி."

நந்தினி முதல் ரவுண்டில் ஜெயித்தாள், அடுத்ததில் தோற்றாள். போன் செய்து, "தோத்தது நான்தான் மேடம், ராக்கெட் இல்ல" என்றாள். அன்று முழுக்க என் கால் தரையில் பாவவில்லை.

இப்போது நான் இருக்கும் கம்பெனியில் இதற்கென்றே மெஷின் உண்டு. மாட்டியதும் நம்பர் வந்துவிடும், பச்சை விளக்கு எரியும், அடுத்தது. தப்பு அநேகமாக நடப்பதில்லை. நல்லதுதான், குறை சொல்லவில்லை.

ஆனால் அந்த ராக்கெட்டெல்லாம் யார் கைக்குப் போகிறது என்று எனக்குத் தெரிவதே இல்லை...