லுவா போட்ட பூட்டு

டோங் தாவ் ஊரில் சந்தேகப்படுவதற்கு லுவாவை மிஞ்ச ஆளில்லை. சந்தையில் மீன் நிறுத்தால் தராசின் அடியில் குனிந்து பார்ப்பாள். புருஷன் பாவ் உயிரோடிருந்தவரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். போகும்போது அவளிடம் ஒரு சேவலையும் அதே ஜாதிப் பெட்டை ஒன்றையும் விட்டுப் போனான். சேவலின் கால்கள் குழந்தையின் மணிக்கட்டுப் பருமன், செதில் செதிலாகச் சிவப்பு. அதற்கும் வயதாகிவிட்டது. இந்த வருஷம் அதன் வாரிசாக ஒரு குஞ்சாவது தேறாவிட்டால், பாவ் ஆயுசெல்லாம் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த வம்சம் அதோடு முடிந்தது. அதனால் கோழிகளின் வேலியடைப்புக் கதவுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஒரு ஈ காக்கையைக்கூட உள்ளே விடவில்லை.

ஆனால் இந்த ஜாதிப் பெட்டை அடைக்கு உட்கார்ந்தால் அதன் கனத்துக்கு முட்டை நொறுங்கிப்போகும். வேறு வழியில்லாமல் பக்கத்து வீட்டுக்காரி ஞாயின் சின்னக் கோழியிடம்தான் அடைவைக்கக் கொடுத்தாள். கொடுக்குமுன் ஒவ்வொரு முட்டையிலும் கரியால் கோடு கிழித்தாள்.

குஞ்சு பொரித்தது. இந்த ஜாதிக் குஞ்சு மாதக்கணக்கில் இறகில்லாமல் சிவந்த தோலோடு அலைய வேண்டும். இவையோ ஒரே மாதத்தில் இறக்கையும் வாலுமாக, தீக்குச்சிக் காலில் துள்ளிக்கொண்டு திரிந்தன. லுவா நேரே ஞாய் வீட்டுக்கு ஓடினாள்.

"முட்டைய மாத்திட்டியேடி, பாவி!"

ஞாய் பன்றிக்கு வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். எழுந்து போய்க் குப்பையைக் கிளறி, ஓடுகளைப் பொறுக்கிக் கொண்டுவந்து நீட்டினாள். "நல்லா பாருக்கா. இது நீ போட்ட கோடா இல்லையா?"

"ஏன், உன் அடுப்புல கரி இல்லையா?"

"அடிப்பாவி! என் கோழி பட்டினியா கெடந்து அடைகாத்துச்சு, அதுக்கு இந்தப் பேச்சா? இனிமே என் வாசப்படி மிதிக்காதே!"

லுவா அசரவில்லை. முட்டையிடும் இடத்திலேயே இவள் கைவரிசை நடந்திருக்க வேண்டும், கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று மறுநாள் காலை அடைப்போரத்து லாங்கான் பழமரத்தின் பின்னால் பதுங்கினாள்.

ஞாய் வரவில்லை. பெரிய சேவல்தான் பெட்டையின் முதுகில் ஏறப் பார்த்தது. கனத்த கால் பிடிமானமில்லாமல் வழுக்கியது. தொப்பென்று விழுந்தது. மறுபடி ஏறியது, மறுபடி விழுந்தது. பிறகு ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டது. அப்போதுதான் ஞாய் வீட்டுச் சேவல், கைக்கடக்கமான பொடிப்பயல், வேலிக்கு மேலே பறந்து வந்து இறங்கி, வேலையை முடித்துக்கொண்டு பறந்து போனது. பூட்டு கதவுக்குத்தானே!

'சேவலை ஏவிவிட்டிருக்கிறாளோ?' என்று ஒரு கணம் நினைக்கத்தான் நினைத்தாள். அது அவள் பிறவிக்குணம். ஆனால் உடனே பாவ் ஞாபகம் வந்தது. அவன் சேவலை நெஞ்சோடு தாங்கிப் பெட்டையின் மேல் தூக்கி வைப்பான், இவள் பெட்டையைப் பிடித்துக்கொள்வாள். அவன் சேவலுக்குக் கொடுக்கும் செல்லம் என்றல்லவா நினைத்திருந்தாள்! வருஷா வருஷம் வம்சத்துக்குக் குஞ்சு பொறுக்கும்போது, "இன்னும் தடிச்ச காலாப் பாரு" என்று நச்சரித்தவளும் இவள்தான். அந்த வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். அவன் போன பிறகு இரண்டாவது ஆளை இவள் உள்ளேயே விடவில்லை.

பொழுது சாயுமுன் ஞாயின் வாசலில் போய் நின்றாள்.

"யாரு, போலீஸா?" என்றாள் ஞாய், நிமிராமல்.

"உன் சேவல்தான்டி. நீ இல்ல. நான்தான் கண்ணவிஞ்சு போயிட்டேன். சேவலத் தூக்கிப் பிடிக்க ஒரு ஆள் வேணும். இல்லேன்னா அவர் வளத்தது அத்துப்போயிடும்."

ஞாய் அடுப்பிலிருந்து அணைந்த கரித்துண்டு ஒன்றை எடுத்து வந்து, இரண்டு கையையும் நீட்டினாள்.

"இந்தா, கோடு போட்டுக்க. உள்ள போயிட்டு வர்றதுக்குள்ள இந்தக் கையும் மாறிடப்போவுது."

லுவா கரியை வாங்கிக் கீழே போட்டாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தாள்.