ஒரு பிடி அரிசி எங்கே போகிறது?

போன வாரம் பக்கத்து வீட்டுக் கதீஜா என்னிடம் வருத்தம் தெரிவிக்க வந்தாள். எதற்கு என்கிறீர்களா? எனக்கும் முதலில் புரியவில்லை.

கதீஜா காயல்பட்டினத்துக்காரி. கணவர் கொழும்புக்குச் சரக்குத் தோணியில் போய்வருகிறவர். நான்கு பிள்ளைகள். என்னைவிட மூத்தவள் என்பதால், அவர்கள் வழக்கப்படி ‘லாத்தா’ என்று கூப்பிடுவேன். என் வீட்டுக்காரர் ஹார்பர் ஆபீஸுக்குப் போனபின், எனக்கும் என் மூன்று வயது மகனுக்கும் இந்தத் தூத்துக்குடியில் துணை அவள் ஒருத்திதான்.

எங்கள் கிறிஸ்தவ சபையின் வாலிபர் சங்கத்தில் ஒரு தீர்மானம் போட்டார்கள் — ஒவ்வொருவரும் அக்கம்பக்கத்தில் ஒருவருக்காவது தம் விசுவாசத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குக் கதீஜாவை விட்டால் யார்? ஆனால் எப்படி ஆரம்பிப்பது? மதம் மாற்ற வந்துவிட்டாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டால்? வாயால் சொல்லாவிட்டால் என்ன, நடத்தையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டுமே... இப்படிச் சமாதானம் சொல்லியே மாதங்கள் போயின.

பலனும் தெரிந்தது. திடீரென்று அவள் வீட்டிலிருந்து அடிக்கடி சோறும் மீன் குழம்பும் வந்தன. யுத்தமும் ரேஷனுமாக இருக்கிற இந்தக் காலத்தில்! ‘அந்த வீட்டில் உள்ளம் இளகுகிறது’ என்று சங்கத்தில் எழுந்து சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே.

போன வாரம் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு நிமிர்கிறேன், அடுக்களை வாசலில் கதீஜா.

“கோவிச்சுக்கிடாத தங்கச்சி. நாளையிலேருந்து சோறு அனுப்ப முடியாது. எங்க புள்ளைகளுக்கே காணமாட்டேங்கு.”

“நாங்க நல்லாத்தானே இருக்கோம் லாத்தா?”

“ஏளா, மறைக்காத. ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். அளந்த அரிசியில ஒரு பிடிய திருப்பி எடுத்துக் கலயத்துல போடுத. கண்ண வேற மூடிக்கிட்டு நிக்க. நாளைக்கு என்ன செய்யன்னு கவலைப்படுதன்னு நெனச்சேன். புள்ளயும் மெலிஞ்சு கெடக்கான்.”

அது பிடி அரிசி. சமைக்க அளந்ததில் ஒரு பிடியை ஜெபத்தோடு கடவுளுக்கென்று எடுத்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சேர்ப்போம். மகன் மெலிந்திருக்கும்போது எடுக்கலாமா என்று எனக்கே தினமும் குழப்பம்தான். இப்போது அதைவிடப் பெரிய குழப்பம். சொல்லாமல் விட்டால், நாங்கள் பட்டினி என்று நினைத்தே போவாள். சொன்னால்... இனி என் வீட்டுப் படியேறுவாளா?

சொல்லிவிட்டேன்.

கதீஜா கலயத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இத யாரு சாப்பிடுதா?”

“எங்க சபை போர்டிங்ல இருக்க தாய் தகப்பன் இல்லாத புள்ளைக.”

“அப்ப எங்க புள்ளைக அரைவயிறு கெடந்தது, ஒங்க போர்டிங் புள்ளைகளுக்குப் போய்ச் சேந்திருக்கு.”

ராத்திரிக்கு வைத்திருந்த அரிசியைச் சுளகோடு நீட்டினேன்.

“ஏன், நீ நோன்பு புடிக்கப் போறியா?” என்றாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. பாதியை மட்டும் முந்தானையில் கொட்டிக்கொண்டாள். “எதுக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானும் பாத்து அனுப்பியிருப்பேம்லா?”

ஒரு வார்த்தை. அதைத்தானே இத்தனை மாதமாக நான் விழுங்கிக்கொண்டிருந்தேன்?

போவாள் என்று நினைத்தேன். பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அது கெடக்கட்டும். கண்ண மூடிக்கிட்டு அப்படி என்னதான் சொல்லுத?”

சொன்னேன். இடையிடையே அவள் கேள்வி கேட்டாள். அவர்கள் வீட்டில் ஏழைகளுக்குக் கொடுக்கிற முறையைச் சொன்னாள். நான் கேள்வி கேட்டேன். யார் யாருக்குச் சொன்னது என்று பிரித்துச் சொல்ல இப்போது என்னால் முடியாது.

அன்று எங்கள் வீட்டுச் சோறு குழைந்து கூழாகிவிட்டது. என் வீட்டுக்காரர், பாவம், ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டார்.